மலைப் பாதையில் மிதிவண்டி



கடந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, கோவில் வாசலில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை காத்திருந்தார். முகத்தில் கோபமும் கவலையும் கலந்திருந்தன. "சாமி, என் மகன் இரண்டு மாதமாகப் பூசைக்கு வரவில்லை. சம்பளப் பணத்தில் ஒரு மலைச் சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோழி கூவுமுன் நண்பர்களோடு மலைக்குப் போய்விடுகிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அந்த வண்டியை விற்கச் செய்ய வேண்டும்" என்றார்.

அவரை அமரச் செய்து ஆறுதல் கூறினோம். மகனைப் பார்த்துப் பேசுவதாகச் சொன்னோமேயன்றி, வண்டியை விற்கச் சொல்வதாக வாக்களிக்கவில்லை. அதன்பின் நடந்தவற்றை அந்த இளைஞனின் சம்மதத்துடனும் அவன் தந்தையின் சம்மதத்துடனும் இங்கு எழுதுகிறோம். இது ஒரு வீட்டின் சிக்கல் மட்டுமன்று; வளர்ந்த பிள்ளைகளை உடைய பல வீடுகளின் சிக்கல்.

முதலில் இந்த மலை மிதிவண்டி என்பது என்னவென்று பெற்றோர் அறிந்துகொள்வது நலம். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சில வாலிபர்கள், பருத்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிச் சென்று, கரடுமுரடான மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976-ஆம் ஆண்டு அக்டோபரில் அதையே பந்தயமாக நடத்தினார்கள். அந்தப் பழைய வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். பிரேக் என்பது அவ்வளவுதான். செங்குத்தான இறக்கத்தில் ஓயாது பிரேக் பிடித்ததால் சூடேறி, சக்கரத்தின் அச்சுக்குள் இருந்த மசகு புகைந்து போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புதிய மசகை உள்ளே அடைத்தாக வேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. பின்னர் கைப்பிரேக்கும், பல கியர்களும், குலுக்கலைத் தாங்கும் முன்கவையும் கொண்ட வண்டிகள் வந்தன. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டி ஓட்டம் இடம்பெற்றது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசிய அளவிலான போட்டி நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பொன்முடி மலையில் நடைபெற்றது.

ஆனால் மலைப் பாதையில் மிதிவண்டி என்பது நமக்கு முற்றிலும் புதியதா? நம் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். தபால்காரரும், பால்காரரும், கிளைப்பங்குகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கச் சென்ற நம் உபதேசியார்களும் இதே மண்பாதைகளில் கறுப்பு நிறச் சைக்கிளை மிதித்தும் தள்ளியும் சென்றவர்களே. குருமடத்தில் படித்த காலத்தில் நாமும் வாரந்தோறும் அவ்விதமாக ஒரு சிற்றூருக்குச் சென்று வந்ததுண்டு. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவோம். இறக்கத்தில் செருப்புக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வருவோம். கியர் இல்லை, தலைக்கவசம் இல்லை. போனதும் பொழுதுபோக்கிற்காக அன்று. அப்படியிருந்தும், ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது உள்ளத்தில் எழுந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. ஆகவே அந்த இளைஞனின் ஆசை நமக்கு விளங்காத ஒன்றாகத் தோன்றவில்லை.

மேலும், நாம் வாழும் பகுதி அத்தகையது. திருத்தணி என்றவுடன் உலகத்தார் நினைப்பது, 365 படிகள் ஏறிச் செல்லும் முருகன் மலையை. அம்மலையிலிருந்து வடக்கே நோக்கினால் நகரி மலைத்தொடர் தெரியும். வடமேற்கே பள்ளிப்பட்டுப் பக்கம் சிறு குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அவற்றினூடே கொசத்தலையாறு வளைந்து வந்து, பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பி, எண்ணூரில் கடலைச் சேருகிறது. இப்பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலுள்ள அதிரம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். எத்தனை தலைமுறையின் கால்கள் இவ்வாற்றோரத்தை மிதித்திருக்கும்! 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. ஆயினும் எல்லைக்கோட்டை ஆடுகளும் அறியா, ஆறும் அறியாது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் ஒலிக்கும் ஊர்கள் இவை.

அந்த இளைஞனை அழைத்தோம். தயங்காமல் வந்தான். கண்டிப்பை எதிர்பார்த்தே வந்தான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. எந்தப் பாதையில் போகிறீர்கள், எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும், வண்டிக்கு எத்தனை கியர் என்று கேட்டோம். முகம் மலர்ந்தது. ஒரு மணி நேரம் பேசினான். கடைசியில் தானாகவே சொன்னான்: "சாமி, உச்சியில் நிற்கும்போது கடவுள் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கிறது. கோவிலில் எனக்கு அப்படித் தோன்றவில்லை."

இவ்வார்த்தையைக் கேட்டு நாம் சினம் கொள்ளவில்லை. நம்மைச் சுட்டது என்பது உண்மை. இளைஞர்கள் கோவிலில் உயிரோட்டத்தைக் காணவில்லையெனில், அதில் பீடத்தில் நிற்கும் நமக்கும் பங்குண்டு. ஆயினும் அவனிடம் ஒன்றைக் கூறினோம். "தம்பி, நம் ஆண்டவர் விடியுமுன் எழுந்து தனியிடம் சென்று செபித்தார், மலைமேல் ஏறி இரவெல்லாம் செபித்தார். அதே ஆண்டவர் ஓய்வுநாள் தோறும் வழக்கம் தவறாமல் தொழுகைக்கூடத்திற்கும் போனார். மலை ஒன்றே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. ஏறியவர் ஒவ்வொரு முறையும் இறங்கி வந்தார். வந்து, மக்களோடு நின்றார்."

அவன் பதில் சொல்லவில்லை, சற்று நேரம் கழித்து, "ஞாயிறு விட்டால் எனக்கு வேறு விடுமுறை இல்லை, சாமி. வெயில் ஏறுமுன் போய்த் திரும்ப வேண்டும்" என்றான். அதுவும் நியாயமே. திருச்சபைச் சட்டம் 1248 கூறுவதன்படி, முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் ஞாயிறு கடன் நிறைவேறும். நம் கோவிலிலோ சனிக்கிழமை மாலைத் திருப்பலி இருந்ததில்லை. அது நம் குறை. ஆவணி முதல் அதைத் தொடங்கினோம். இந்த ஓர் இளைஞனுக்காகத் தொடங்கிய பூசைக்கு, ஞாயிறு ஷிப்டில் வேலை பார்க்கும் தொழிலாளர் பலர் வந்து சேர்ந்தனர். "எங்களை இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே, சாமி" என்று ஒரு பெண்மணி சொன்னபோது நாம் தலைகுனிந்தோம்.

இவ்வளவில் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. முந்தின இரவு நல்ல மழை. இளைஞனும் நண்பர்களும் வழக்கம்போல் குன்றேறி, ஒற்றையடிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யார் முந்துவது என்ற போட்டி. இவன் கடைசியாக வந்தான். மழைநீர் அறுத்திருந்த பள்ளத்தில் முன்சக்கரம் சிக்கி, தலைக்குப்புற விழுந்தான். தலைக்கவசம் அணிந்திருந்ததால் தலை தப்பியது. காறை எலும்பு முறிந்தது. முன்னே போனவர்கள் தார்ச்சாலையை அடையும்வரை, ஒருவன் குறைகிறான் என்பதையே கவனிக்கவில்லை. அந்த மடுவில் கைப்பேசிக்குத் தொடர்பும் இல்லை.

அவனைக் கண்டவர் ஆடு மேய்க்கும் ஒரு முதியவர். தம் தோள்துண்டைக் கிழித்து அவன் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஆடுகளைத் தம் பேரனிடம் விட்டுவிட்டு, ஒரு கையால் இவனைத் தாங்கி, மறு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைவரை நடத்திக் கொண்டுவந்து சேர்த்தார். பணம் கொடுக்க முன்வந்த நண்பர்களிடம் வேண்டாமென்று கையசைத்து, தெலுங்கு கலந்த தமிழில் ஒன்று மட்டும் சொன்னாராம்: "இறங்கும்போது மெதுவாக வாருங்கள், பாபு. போன மாதம் உங்களைப்போல் சைக்கிளில் வந்தவர்கள் யாரோ என் குட்டியின் காலை ஒடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள்."

மருத்துவமனையில் நாம் அவனைப் பார்க்கச் சென்றபோது, தந்தை பக்கத்தில் அமர்ந்திருந்தார். "அன்றைக்கே விற்றிருந்தால் இது நேர்ந்திருக்குமா, சாமி?" என்றார். மகன் அவரைப் பார்க்காமல் நம்மைப் பார்த்தான். தந்தையின் முன்னிலையிலேயே சொன்னான்: "யாரோ அல்ல, சாமி. நாங்கள்தான். வேகத்தில் நிறுத்த முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். குட்டி கத்தியது. மற்றவர்கள் போய்விட்டார்கள் என்று நானும் போய்விட்டேன். அந்தப் பெரியவர் என்னைத் தூக்கியபோது அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை."

அன்பார்ந்தவர்களே, நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அது ஒரு மலையிறக்கப் பாதையில் நடக்கும் கதை என்பதை எண்ணியதுண்டா? எருசலேம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 750 மீட்டர் மேலே இருக்கிறது. எரிகோ கடல் மட்டத்திற்கும் 250 மீட்டர் கீழே கிடக்கிறது. ஏறக்குறைய 27 கிலோமீட்டர் தூரத்தில் 1000 மீட்டர் இறக்கம். பாறையும் பள்ளமும் வளைவுகளும் நிறைந்த பாதை. அங்கே அடிபட்டுக் கிடந்தவனைக் கடந்து போனவர்கள் கொடியவர்கள் அல்லர். நின்று பார்க்க மனமில்லாதவர்கள். இறக்கத்தில் போகிறவனுக்கு நிற்பது கடினம். வேகம் இனிக்கும்போது, வழியில் கிடக்கும் துன்பம் தடையாகத் தோன்றும். நம் சமய அறிவு சிறிதுமில்லாத ஓர் எளிய மனிதர், தமக்குத் தீங்கிழைத்தவன் என்று அறியாமலேயே ஒருவனைச் சுமந்தார். தீங்கிழைத்தவனோ, சுமப்பவர் யாரென்று அறிந்தே தோளில் சாய்ந்திருந்தான். அவனது எலும்பு முறிவைவிட இது பெரிய வலி.

அவனுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான் இருந்தது. பிறர் பொருளுக்குச் சேதம் விளைவித்தவன், அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது திருச்சபையின் மாறாத போதனை. மனம் வருந்துவது போதாது, கண்ணீரும் போதாது. எடுத்ததைக் கொடுக்க வேண்டும், உடைத்ததைச் சீர்செய்ய வேண்டும். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியவுடன் செய்ததும் அதுவே.

எலும்பு கூடுவதற்கு முன்னரே, கைக்கட்டோடு அவன் புறப்பட்டான். தந்தையும் உடன் சென்றார். வாரச்சந்தையில் ஒரு பெட்டைக் குட்டியை வாங்கினார்கள், பணம் மகனுடையது. மகனால் தூக்க முடியாது. ஆகவே அதைத் தந்தையே தோளில் போட்டுக்கொண்டு, மகன் விழுந்த அதே பாதையில் ஏறி, அந்த முதியவரின் குடிசையைத் தேடிச் சென்றார். கால் ஒடிந்த குட்டி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய தழும்போடு வாசலில் நொண்டிக்கொண்டிருந்தது. மகன் உண்மையைச் சொன்னான். முதியவர் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, "சொல்ல வந்தாயே, அது போதும்" என்று கூறி, குட்டியை வாங்கிக்கொண்டு, இருவருக்கும் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்.

தந்தை இப்போது வண்டியை விற்கச் சொல்வதில்லை. "மலை ஏறினால்தான் சாமி, என் மகன் எங்கே போகிறான் என்பது எனக்குத் தெரிந்தது" என்றார். பெற்றோர் யாவரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். தடுப்பதற்கு முன் ஒருமுறை உடன்சென்று பாருங்கள்.

இனி, மலைக்குச் செல்லும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, அனுமதி. ஒதுக்கப்பட்ட காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாடே கண்ணீரோடு கண்டது. அதன்பின் அரசு மலையேற்றத்திற்குத் தனி விதிகளை வகுத்தது. 2024-இல் தமிழக அரசு வழிகாட்டிகளுடன் கூடிய 40 பாதைகளைத் திறந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று. இவை நடந்து செல்வோருக்கானவை; சைக்கிளுக்குத் தனியே கேட்டறிய வேண்டும். எல்லைக்கு அப்பாலோ செம்மரம் விளையும் காடுகள் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் மாண்டார்கள். கூலிக்கு மரம் வெட்டச் சென்றவர்கள் என்று சொல்லப்பட்ட ஏழைத் தமிழர்கள் அவர்கள். நாம் மகிழ்ச்சிக்காக ஏறும் மலையில், வயிற்றுக்காக ஏறியவர்களும் உண்டு என்பதை மறவாதீர்கள். அறியாத காட்டில், அறிவிப்பின்றி நுழையாதீர்கள்.

இரண்டாவது, பருவம். பங்குனி, சித்திரையில் காய்ந்த புல் தீயை அழைக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்யும் மழை, கீழே வறண்டு கிடக்கும் ஓடையைச் சிறு நேரத்தில் காட்டாறாக்கும். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடினால், ஆழம் பார்க்க வேண்டாம், திரும்பி விடுங்கள்.

மூன்றாவது, பாதை. ஈர மண்ணில் வண்டியைச் சறுக்கி நிறுத்தினால் பின்சக்கரம் தரையைக் கீறும். அந்தக் கீறலை மழைநீர் தன் வழியாக்கிக்கொள்ளும். கீறல் வாய்க்காலாகும், வாய்க்கால் பள்ளமாகும். நம் இளைஞன் விழுந்த பள்ளமும் அவ்வாறு உண்டானதே. அந்த வளைவில் வாரந்தோறும் சறுக்கியவர்கள் அவனும் அவன் நண்பர்களுமே. ஆட்டுப் பாதைகளைக் கவனியுங்கள். அவை சரிவை நேரே வெட்டி இறங்காமல் பக்கவாட்டில் சாய்ந்து செல்லும். அதனால்தான் நெடுங்காலம் நிலைக்கின்றன. மழை பெய்த மறுநாள் மண் காயட்டும். ஒரு வாரம் பொறுத்தால் குறையொன்றுமில்லை.

நான்காவது, உடன்வருவோர். வேகமாகப் போகிறவன் முன்னே போகட்டும். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் நின்று, பின்னால் வருபவனை எண்ணிப் பார்த்த பிறகே நகரட்டும். கடைசியில் வருபவனின் வேகமே கூட்டத்தின் வேகம். எதிரில் ஆடு வந்தாலும், விறகுச் சுமையோடு ஒரு தாய் வந்தாலும், காவடி எடுத்து வரும் அடியார் வந்தாலும், இறங்கி நின்று வழிவிடுங்கள். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித்திருவிழா. அந்நாட்களில் சாலையெங்கும் நடந்து வருவோர் நிறைந்திருப்பர். அவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்கள் பக்தியை மதிப்பது நம் விசுவாசத்திற்குக் குறைவாகாது.

மிதிவண்டியும் பக்தியும் சேராதவை என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். இத்தாலியின் கிசால்லோ குன்றின் உச்சியில் அன்னை மரியாளின் சிற்றாலயம் ஒன்று உண்டு. சைக்கிள் வீரர்கள் மூச்சிரைக்க ஏறி வந்து வணங்கும் அந்த அன்னையை, 1949-ஆம் ஆண்டு திருத்தந்தை 12-ஆம் பயஸ் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்நாட்டு வீரர் ஜீனோ பார்த்தாலி 1938-இலும் 1948-இலும் பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் வென்றவர், மலையேற்றத்தில் நிகரற்றவர். போர்க்காலத்தில், பிளாரன்சு நகரின் கர்தினால் தல்லா கோஸ்தா கேட்டுக்கொண்டபடி, யூத மக்களைக் காப்பதற்கான போலி அடையாளத் தாள்களைத் தம் சைக்கிளின் குழாய்க்குள் ஒளித்து அசிசிக்கும் பிளாரன்சுக்கும் இடையே சுமந்தார். பயிற்சிக்காக ஓட்டுகிறார் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். இதை அவர் வாழ்நாளில் பெரிதாகப் பேசியதில்லை. வேகத்தில் புகழ்பெற்ற அவர், அந்த வேகத்தைப் பிறர் உயிருக்காகச் செலவிட்டார். நம் பிள்ளைகளுக்கு இவரைச் சொல்லிக் கொடுங்கள்.

திருவருகைக் காலம் தொடங்குகிறது. மலைகள் தாழவும், பள்ளங்கள் நிரம்பவும், கோணலான வழி நேராகவும் வேண்டுமென்று இறைவாக்கினர் எசாயா முழங்கியதைக் கோவிலில் கேட்கப்போகிறோம். நம் இளைஞன் எலும்பு கூடியபின், நண்பர்களை அழைத்துச் சென்று, ஒரு சனிக்கிழமை காலை முழுதும் கல்லும் மண்ணும் சுமந்து, அந்தப் பள்ளத்தை மூடினான். மேய்ப்பரின் பேரனும் கல் எடுத்துக் கொடுத்தானாம். அன்று மாலைத் திருப்பலிக்கு அவர்கள் செம்மண் படிந்த கைகளோடு வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். அவர்களுள் இருவர் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், ஆயினும் வந்தார்கள்.

உங்கள் வீட்டுப் பாதையிலும் நிரப்ப வேண்டிய பள்ளம் ஏதேனும் இருந்தால், கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முன் நிரப்பி விடுங்கள். யாருடைய குட்டியின் காலையேனும் ஒடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்திருந்தால், அவ்வழியே மீண்டும் ஏறிச் செல்லுங்கள். ஏறுவோரையும் இறங்குவோரையும் ஆண்டவர் காப்பாராக. உங்கள் யாவருக்கும் நம் ஆசீர்.